இரண்டாவது வாக்கியம்

மார்ல்டன், ஒஹாயோ
ஆகஸ்ட் 8, 2004

அன்புத் தங்கை டார்லாவுக்கு,

முழங்காலைத் தவிர மற்றபடி நான் சௌக்கியம். உன் உடம்பும் டெல்லின் முதுகுவலியும் எப்படி என்று எழுது. பஸ்ஸில் அவ்வளவு தூரம் போனது உனக்கு அலுப்பாக இருந்திருக்கும்.

நீ கிளம்பிய மறுநாளே இங்கே பொருட்காட்சி ஆரம்பித்துவிட்டது. பன்றிக் கொட்டகைக்கும் எலுமிச்சை சர்பத் கடைக்கும் நடுவில் மேசை போட்டு என்னை உட்கார வைத்துவிட்டார்கள். மாநில அரசியல் சட்டத்தில் கொண்டுவரப்போகிற கல்யாணத் திருத்தத்தை நவம்பர் வாக்கெடுப்பில் சேர்ப்பதற்குக் கையெழுத்து வாங்கும் வேலை. வெயில், ஈ, பன்றி நாற்றம் எல்லாம் இருந்தும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். என் வீட்டுக்காரர் வெண்டெல் போனபிறகு என் வாசல்மணியை அடித்தவர்கள் தபால்காரரும் மீட்டர் பார்க்கிறவரும்தான். இப்போது தினமும் யாராவது காரில் வந்து என்னைக் கூட்டிப்போகிறார்கள், திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள், நடுவில் காபி குடிக்கிறோம்.

பாஸ்டர் மனைவி பெவர்லி முன்பே ஒரு உபாயம் சொல்லிக்கொடுத்திருந்தாள். திருத்தத்தில் இரண்டே வாக்கியம். முதல் வாக்கியம் மட்டும் தெரிகிற மாதிரி தாளை மடித்து, கிளிப் போட்ட அட்டையில் செருகிவிட வேண்டும். ஒரு ஆணும் ஒரு பெண்ணும் இணைவதே திருமணம் என்பது முதல் வாக்கியம், யாருக்கும் புரியும். இரண்டாவது வக்கீல்களுக்காக எழுதினது. அதை வாசித்து முடிப்பதற்குள் கேட்கிறவர் கையில் இருக்கும் ஐஸ்கிரீம் உருகிவிடும்.

உங்கள் மாவட்டத்துக்குத் தனித்தாள் என்பதால் இங்கே வந்திருந்தபோது நீ போட்ட கையெழுத்து ஒரு முழுத்தாளில் தன்னந்தனியாக இருந்தது. பெவர்லி பார்த்துச் சிரித்தாள். கல்யாணத்துக்குக் கையெழுத்துப் போட்டாயே, நீ எப்போதடி கல்யாணம் பண்ணிக்கொள்ளப்போகிறாய்? கோபித்துக்கொள்ளாதே. மறுமணம் செய்தால் ரேயின் விதவைப் பணம் நின்றுவிடும் என்று எனக்கும் தெரியும். நிலக்கரித் தூசி அவன் நுரையீரலைத் தின்றதற்குக் கொடுக்கிற பணம், அதை விடச்சொல்ல நான் யார். ஆனாலும் டெல்லோடு இத்தனை வருஷமாக ஒரே கூரையின்கீழ் இருக்கிறாய். யாராவது கேட்டால் என் தங்கையின் வீட்டுக்காரர் என்றுதான் சொல்லிவைக்கிறேன்.

வாசலில் நட ஒரு பிரசாரப் பலகை தனியாக அனுப்புகிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா லோயிஸ்


கோபர்ன் ஹாலோ, ஒஹாயோ
ஆகஸ்ட் 30, 2004

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நான் சொன்னால் கேட்கமாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன்.

பலகை வந்தது. டெல் அன்றைக்கே நட்டுவிட்டார். போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அவருக்குப் பெருமை. “உங்க அக்கா ஒருத்திதான் உங்க குடும்பத்துல உருப்படியானவ” என்று சொல்லச் சொன்னார்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. சமையலறையில் பழையபடி நானும் ஜோலீனும்தான். எங்கள் வீட்டுத் தபால்பெட்டிக் கம்பம் சாய்ந்துகிடக்கிறது, அதனால் இனிமேல் பள்ளிக்கூட விலாசத்துக்கே எழுது. போனும் வேலை செய்யவில்லை.

கல்யாணப் பேச்சை டெல் இருக்கும்போது எடுக்காதே அக்கா. எடுக்கமாட்டாய், தெரியும். சும்மா எழுதினேன்.

உன் அன்புத் தங்கை
டார்லா


மார்ல்டன்
செப்டம்பர் 26, 2004

அன்புள்ள டார்லா,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஒத்தடம் கொடுத்தேன், உன் பேச்சைக் கேட்டுவிட்டேன், எழுதிவைத்துக்கொள்.

போன் இன்னுமா சரியாகவில்லை? நாலு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு கம்பத்தை நிமிர்த்த, ஒரு போனைச் சரிசெய்ய உன் ஆளுக்குக் கை இல்லையா? ஜூலையில் நீ இங்கே இருந்தபோதும் கேட்க நினைத்தேன். தெருவில் ஒரு வண்டி மெதுவாகப் போனால்கூட எழுந்து ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தாய். யாரைப் பார்க்கிறாய் என்று கேட்டதற்கு யாருமில்லை என்றாய். தூக்கம் சரியாக வருகிறதா?

ஒன்றாம் நம்பர் தீர்மானம் என்று எங்களுக்கு எண் கிடைத்துவிட்டது. இப்போது வீடு வீடாகப் போகிறோம். நான் வாய்க்குள் முனகாமல் கணீரென்று வாசிக்கிறேனாம், அதனால் வாசிக்கும் வேலை எனக்குத்தான். சர்ச் தெருவில் எட்னாவும் ஃபேயும் இருக்கிறார்களே, ஓய்வுபெற்ற டீச்சர்கள், நாம் சின்னவயதில் பார்த்த நாள்முதல் ஒன்றாகவே இருப்பவர்கள். அந்த வீட்டை விட்டுவிடலாம் என்றாள் பெவர்லி. எல்லா வீட்டுக்கும் போகும்போது அதை விட்டால் நன்றாக இருக்காது என்று நான்தான் படியேறினேன். எட்னா கதவைத் திறந்து, வாசித்ததைப் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, “மடிச்சு வச்சிருக்கீங்களே, அதையும் வாசிங்க லோயிஸ்” என்றாள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. மழை வருகிறது என்று சொல்லி இறங்கிவிட்டேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

சீக்கிரம் எழுது. நீ எழுதாவிட்டால் எனக்குச் சொந்தமென்று வேறு யார் இருக்கிறார்கள்?

லோயிஸ்


கோபர்ன் ஹாலோ
நவம்பர் 4, 2004

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இடதுகையால் எழுதுகிறேன், கோழி கிறுக்கின மாதிரி இருக்கும். பள்ளிக்கூட அடுப்புக் கதவில் வலது மணிக்கட்டு மாட்டிக்கொண்டது. ஜோலீன் கட்டுப்போட்டுவிட்டாள். பயப்பட ஒன்றுமில்லை.

நீ ஜெயித்துவிட்டாய், வாழ்த்துகள். நாங்கள் இருவரும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம். பக்கத்துத் தடுப்பிலிருந்து டெல் எட்டிப்பார்த்து நான் எதில் புள்ளி வைக்கிறேன் என்று உறுதிப்படுத்திக்கொண்டார். அக்காவுக்காகப் போடாமல் இருப்பேனா என்றேன்.

தூக்கம் வருகிறது. முழங்காலைப் பார்த்துக்கொள்.

டார்லா


மார்ல்டன்
நவம்பர் 14, 2004

என் கண்ணே டார்லா,

மணிக்கட்டு எப்படி இருக்கிறது? எலும்பு விரிசல் என்றால் ஜோலீன் கட்டிய துணி போதாது. டாக்டரிடம் போ.

சர்ச்சில் விருந்து வைத்தார்கள். பாஸ்டர் என்னை எழுந்து நிற்கச்சொல்ல, எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கல்யாணம் ஆன அன்றுகூட இத்தனை பேர் என்னைப் பார்த்துக் கை தட்டியதில்லை. பெவர்லி கட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதோடு சரி. அதற்கப்புறம் ஒரு கார் வரவில்லை. வேலை முடிந்துவிட்டது, யார் வருவார்கள்? அட்டையும் தாளும் அடுக்களை இழுப்பறையில் கிடக்கின்றன. பெவர்லியைக் கடையில் பார்த்தேன், அவசரமாகக் கையாட்டிவிட்டுப் போனாள்.

நன்றித் திருநாளுக்கு இருவரும் வாருங்கள். ஒருத்திக்காக வான்கோழி வாங்குவது அநியாயம். டெல்லுக்குப் பிடிக்கும் என்பாயே, அந்தச் சீமைப்பூசணிப் பணியாரம் செய்கிறேன். வருகிறோம் என்று ஒரு வரி போதும்.

வழிபார்த்திருக்கும் அக்கா


ஜோலீன் வீடு
ஜனவரி 19, 2005

அக்கா,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நன்றித் திருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை, எழுதவும் இல்லை. நீ மூன்று கடிதம் போட்டிருக்கிறாய். எல்லாவற்றையும் ஜோலீன் பத்திரமாக வைத்திருந்தாள்.

இதைச் சுற்றிவளைக்காமல் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் திரும்பவும் அடுப்புக் கதவென்று எழுதிவிடுவேன். டெல் என்னை அடிக்கிறான். நாலு வருஷமாக. போனை அவன்தான் சுவரிலிருந்து பிடுங்கினான். தபால்பெட்டிக் கம்பத்தை வண்டியால் இடித்துச் சாய்த்தவனும் அவன்தான், உன் கடிதம் வந்த கோபம். போன வாரம் தாடை எலும்பு முறிந்தது. பள்ளிக்கூடத்துக்கு அப்படியே நடந்துபோனேன். ஜோலீன் ஷெரிப்பைக் கூப்பிட்டுவிட்டாள்.

இப்போது அவன் உள்ளே இருக்கிறான். முதல் மனைவியை அடித்து ஏற்கெனவே ஒரு தடவை தண்டனை வாங்கியிருக்கிறான், எனக்கே இப்போதுதான் தெரியும். வீட்டு ஆட்களை இரண்டாம் தடவை அடித்தால் அது பெரிய குற்றமாம், வருஷக்கணக்கில் ஜெயிலாம். அரசு வக்கீலம்மா, “கவலைப்படாதீங்க டார்லா, சட்டம் உங்க பக்கம் கெட்டியா இருக்கு” என்று சொன்னாள். மார்ச்சில் கோர்ட். அதுவரை சாட்சியான நான் இங்கேயே இருக்க வேண்டும்.

உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. நீ எல்லோரிடமும் என் தங்கையின் வீட்டுக்காரர் என்று சொல்லிவைத்திருந்தாய்.

கஞ்சியும் சூப்பும்தான் சாப்பிடுகிறேன். வலி குறைந்திருக்கிறது.

டார்லா


மார்ல்டன்
ஜனவரி 23, 2005

என் செல்லத் தங்கைக்கு,

தாடை எப்படி இருக்கிறது? கடிதத்தைப் படித்துவிட்டு அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். முழங்காலோடு எழுந்திருக்க ரொம்ப நேரமாயிற்று.

நான் குருடியடி. ஜன்னலுக்கு நீ ஓடி ஓடிப் பார்த்ததைப் பார்த்தேன், தூக்கம் வருகிறதா என்று கேட்டேன். அவன் கையால் நட்ட பலகைக்குச் சந்தோஷப்பட்டேன்.

சாலையெல்லாம் பனிக்கட்டி, வெண்டெல் இல்லாமல் நெடுஞ்சாலையில் நான் ஓட்டினதே இல்லை. ஆனால் கோர்ட் முடிந்த அன்றே நீ இங்கே வந்துவிட வேண்டும். மாடி அறையைச் சுத்தம் பண்ண ஆரம்பித்துவிட்டேன். நீல விரிப்பு போட்டிருக்கிறேன். நாம் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு கிழவிகளாகலாம். எனக்குத் துணை, உனக்குப் பாதுகாப்பு.

சட்டம் அவனைச் சும்மா விடாது. தைரியமாக இரு.

உன் அக்கா


மார்ச் 18, 2005

அக்கா,

நலமா? நான் உயிரோடு இருக்கிறேன். விலாசம் போடவில்லை, கவனித்திருப்பாய்.

நேற்று கோர்ட். டெல்லின் வக்கீல் சின்னப் பையன் மாதிரி இருந்தான், ரொம்ப மரியாதை. நான் வரும்போது கதவைக்கூடத் திறந்துவிட்டான். எழுந்து நின்று ஒரு தாளை எடுத்து வாசித்தான். திருமணமாகாதவர்களின் உறவுக்கு, திருமணத்தின் வடிவையோ முக்கியத்துவத்தையோ பலனையோ ஒத்த எந்தச் சட்ட அந்தஸ்தையும் இந்த மாநிலம் உருவாக்கவோ அங்கீகரிக்கவோ கூடாது. அதைத்தான் வாசித்தான். பிறகு சொன்னான்: “இவங்களுக்குக் கல்யாணம் ஆகலைங்க. கல்யாணம் ஆன மாதிரி வாழ்றவங்கன்னு கோர்ட்டு இவங்களை ஏத்துக்கிட்டா, போன நவம்பர்ல ஜனங்க போட்ட ஓட்டுக்கு என்ன மரியாதை?”

வீட்டு ஆள் என்றால் மனைவி, அல்லது மனைவி மாதிரி வாழ்கிறவள். நான் மனைவி இல்லை, மனைவி மாதிரி என்ற ஒன்று இனிமேல் ஒஹாயோவில் கிடையாது. எனவே இது தெருவில் போகிற யாரோ ஒருத்தியை அடித்த கேஸ். பழைய தண்டனை கணக்கில் வராது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சரி என்றார். அரசு வக்கீலம்மா அப்பீல் என்கிறாள், வேறு ஊர் நீதிபதிகள் வேறு மாதிரி சொல்லியிருக்கிறார்களாம். இந்த ஊரில் சாதாரண அடிதடிக்கான சின்னத் தண்டனைதான், டெல் உள்ளே இருந்த நாளை அதில் கழித்துக்கொண்டு சாயங்காலமே வெளியே வந்துவிட்டான்.

வக்கீல் வாசித்தது உன் தாளின் இரண்டாவது வாக்கியம்தான் அக்கா. உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் கையெழுத்துப் போட்டேனே, அது. நீ எனக்கும் அதை மடித்துத்தான் காட்டினாய். விரித்துக் காட்டியிருந்தாலும் நீ கேட்டதற்காகப் போட்டிருப்பேன், அது வேறு விஷயம்.

நீ நச்சரித்தபோதே கல்யாணம் பண்ணியிருந்தால் அவன் இன்றைக்கு ஜெயிலில் இருந்திருப்பான். ஜோலீன் இதைக் கேட்டுச் சிரித்தாள், அப்புறம் அழுதாள்.

என்னை ஒரு பெண்கள் காப்பகத்தில் சேர்த்திருக்கிறார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் சொல்லக்கூடாது என்பது விதி. கீழே வேறொரு ஊர்த் தபால்பெட்டியின் எண் இருக்கிறது, அதற்கு எழுதலாம்.

டார்லா


மார்ல்டன்
ஏப்ரல் 17, 2005

டார்லாவுக்கு,

சரியாகச் சாப்பிடுகிறாயா? அங்கே குளிர் எப்படி?

உன் கடிதம் வந்த அன்று இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை விரித்தேன். மடித்து மடித்து அந்த இடம் கிழிகிற மாதிரி ஆகிவிட்டது. கொட்டை எழுத்தில்தான் போட்டிருக்கிறார்கள், மறைத்து எழுதவில்லை. மறைத்தவள் நான்.

பெவர்லி வீட்டுக்குப் போனேன். உன் கேஸைச் சொன்னேன். “அதுக்கு நாம என்ன பண்றது லோயிஸ், அவங்க முறையாக் கல்யாணம் பண்ணியிருக்கணும்” என்றாள். வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினாள். பிறகு அட்டையை எடுத்துக்கொண்டு, போன வருஷம் போன அதே வீடுகளுக்குப் போய் இரண்டாவது வாக்கியத்தை வாசித்தேன். நாலைந்து பேர் கேட்டார்கள். மற்றவர்கள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்கள். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேச்சாம். ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருக்கிறது.

எட்னா வீட்டுக்கும் போனேன். அவள் கதவைத் திறந்து அட்டையைப் பார்த்தாள். “வேண்டாம் லோயிஸ். நாங்க அப்பவே படிச்சிட்டோம்” என்று மெதுவாகச் சொல்லி, மெதுவாகவே சாத்திக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

நீ எங்கே இருக்கிறாய் என்று மட்டும் சொல். விதியெல்லாம் ஊருக்கு. நான் உன் அக்கா. நெடுஞ்சாலையோ எதுவோ, ஓட்டிக்கொண்டு வருகிறேன். நீல விரிப்பு அப்படியே இருக்கிறது. உன்னைப் பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

லோயிஸ்


மே 20, 2005

அக்கா,

தாடை சேர்ந்துவிட்டது. ஆப்பிள் கடிக்கிறேன். இங்கே சமையலறை வேலையை நானே எடுத்துக்கொண்டேன், சும்மா உட்காரத் தெரியவில்லை.

நீ கதவு கதவாகப் போனதைப் படித்தேன். முழங்காலோடு எதற்கு இதெல்லாம்.

உன்மேல் கோபம் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். கோபம் இருக்கும்போதே உன் கையெழுத்தை உறையில் பார்த்தால் சந்தோஷமாகவும் இருக்கிறது. விலாசம் கேட்காதே. இப்போது வேண்டாம். கொஞ்ச நாள் போகட்டும், நானே சொல்கிறேன்.

டார்லா


மார்ல்டன்
ஜூன் 12, 2005

என் தங்கமே டார்லா,

நான் நன்றாக இருக்கிறேன். இதை முதலில் படித்துவிட்டு மீதியைப் படி.

இன்று சர்ச்சிலிருந்து வந்து தொப்பியைக் கழற்றுகிறேன், வாசல்மணி அடித்தது. எத்தனையோ மாதம் கழித்து என் வீட்டு மணி. உண்மையைச் சொல்கிறேன், யாரென்று பார்க்காமல் சந்தோஷமாகத் திறந்தேன். டெல் நின்றிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பெட்டி டோனட். பலகை அனுப்பிய அட்டைப்பெட்டியில் என் விலாசச் சீட்டை நான்தானே ஒட்டினேன், அதைக் கிழித்து வைத்திருந்திருக்கிறான்.

உள்ளே வந்து வெண்டெலின் நாற்காலியில் உட்கார்ந்தான். “நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன் அக்கா. நீங்க வாங்கிக்குடுத்த சட்டம்தான் என்னை வெளிய கொண்டாந்துச்சு” என்றான். கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லையடி, மனதாரத்தான் சொன்னான்.

உன் மே மாதக் கடிதம் சாப்பாட்டு மேசையில் உறையோடு கிடந்தது. தினமும் எடுத்துப் படிப்பதால் அங்கேயே வைத்திருந்தேன். உறையின்மேல் தபால்பெட்டி இருக்கிற ஊரின் முத்திரை, உள்ளே உன் பெட்டி எண். காபி போடுகிற சாக்கில் எழுந்துபோய் அவன் கொண்டுவந்த டோனட் பெட்டியை அதன்மேல் வைத்தேன். பெட்டியைத் திறந்து அவனுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தேன். நானும் ஒன்று தின்றேன்.

“டார்லா எங்க இருக்கா?” என்றான்.

“தெரியாது. எங்கிட்ட அவ சொல்லல. எம்மேல கோவம்” என்றேன்.

அவன் ரொம்ப நேரம் என் கண்ணையே பார்த்தான். நான் சொன்னது நிஜம், அதனால் அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நீ தங்கியிருக்கிற ஊர்ப் பெயரைச் சொல்லியிருந்தால் என் முகம் காட்டிக்கொடுத்திருக்கும். எட்னா முன்னால் மழை என்று ஒரு பொய் சொல்லவே எனக்கு முகம் சுண்டிப்போனது, உனக்குத் தெரியும். மாடிக்குப் போய் நீல விரிப்பு போட்ட அறையைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான். “திரும்ப வர்றேன் அக்கா” என்று சொல்லிப் போனான். இங்கே ஷெரிப்பிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, அவன் உங்களுக்கு என்ன உறவு என்பது.

உன் கடிதங்களையெல்லாம் அடுப்பில் போட்டுவிட்டேன். ஒன்றையாவது வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்து, அதையும் போட்டேன்.

போன கடிதத்தில் எங்கே இருக்கிறாய், எங்கே இருக்கிறாய் என்று உன்னைப் பிய்த்தெடுத்தேன். இனி கேட்கமாட்டேன். நீயாகச் சொல்ல நினைத்தாலும் சொல்லாதே. அந்தத் தபால்பெட்டியையும் விட்டுவிடு. வேறு பெட்டி எடு, அந்த எண்ணை எனக்கு எழுதாதே. தபாலாபீஸ் வாசலில் நின்று காத்திருக்கிற ஆள்தான் அவன். அரசு வக்கீலம்மா சொன்ன அப்பீல் என்றைக்காவது முடியட்டும், அன்றைக்குப் பார்க்கலாம். நான் இங்கேயேதான் இருப்பேன், விரிப்பை எடுக்கமாட்டேன்.

கடிதத்தை எப்படித் தொடங்க வேண்டும், எப்படி முடிக்க வேண்டும் என்று நீ பள்ளிக்கூடத்தில் படித்தபோது நான்தான் சொல்லிக்கொடுத்தேன். முதலில் உடம்பைப் பற்றிக் கேள், கடைசியில் பதில் போடச் சொல் என்றேன். இன்றைக்கு அதை மாற்றி எழுதுகிறேன்.

உடம்பு எப்படி இருக்கிறது டார்லா? பதில் போடாதே.

உன் அக்கா
லோயிஸ்